வெற்றிக் கணக்கும் வேலைக் கணக்கும்

கேரளத்தின் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி 2023 ஜூலை 18 அன்று பெங்களூரில் காலமானபோது, புதுப்பள்ளி தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினராகவே கண் மூடினார். 1970-இல் தமது 26-ஆவது வயதில் அத்தொகுதியில் முதன்முதலாக வென்றவர் அவர். அதன் பிறகு நடந்த 11 பொதுத் தேர்தல்களிலும் அதே தொகுதியில் போட்டியிட்டார், அனைத்திலும் வென்றார். ஏறத்தாழ 53 ஆண்டுகள், 12 வெற்றிகள், ஒரே தொகுதி, ஒரு தோல்விகூட இல்லை.

இத்தகைய எண்களைக் கண்டவுடன் வியப்பதே நமது வழக்கமாக இருக்கிறது. பொருளாதாரம் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு: ஒரு புள்ளிவிவரத்தைப் பாராட்டுவதற்கு முன்பு, அது எதை அளக்கிறது என்று கேளுங்கள். ஒரு சட்டப்பேரவை உறுப்பினரின் தேர்தல் வரலாற்றுக்கும் இது பொருந்தும். வெற்றிகளின் எண்ணிக்கை, பதவியில் இருந்த காலம், வாக்கு வித்தியாசம் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம். உண்மையில் அவை மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன.

முதலில் எண்ணிக்கையும் காலமும். அரசமைப்புச் சட்டத்தின் 172-ஆவது பிரிவு சட்டப்பேரவையின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் என வரையறுக்கிறது. ஆனால், 1970-இல் அமைந்த கேரளப் பேரவையின் ஆயுள் நெருக்கடி நிலைக் காலத்தில் நீட்டிக்கப்பட்டதால் அது 1977 மார்ச் வரை தொடர்ந்தது. ஆக, சாண்டியின் முதல் வெற்றி அவருக்கு ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளைத் தந்தது. அடுத்து 1977-இலும் 1980-இலும் அமைந்த பேரவைகள் பாதி வழியிலேயே கலைக்கப்பட்டன. அந்த இரு வெற்றிகளும் சேர்ந்து தந்த காலம் ஐந்து ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. நிலையற்ற அரசியல் வெற்றிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். பதவிக் காலத்தைக் குறைக்கும்.

சாண்டிக்கு முன்பு கேரளத்தில் இந்தச் சாதனைக்கு உரியவராக இருந்தவர், அவரது கோட்டயம் மாவட்டத்தையே சேர்ந்த கே.எம். மாணி. பாலா தொகுதியில் அவர் 13 முறை வென்றார். ஆனால், அவற்றுள் முதலாவதான 1965 வெற்றியால் அவருக்கு ஒரு நாள்கூடப் பேரவையில் அமரும் வாய்ப்பு கிடைக்கவில்லை. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் அந்தப் பேரவை கூடாமலேயே கலைக்கப்பட்டது. வெற்றிகளின் எண்ணிக்கையில் மாணி முந்துகிறார். உறுப்பினராக இருந்த நாள்களின் கணக்கில் 2022 ஆகஸ்டில் அவரை முந்தினார் சாண்டி. எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே முதலிடம் யாருக்கு என்பது முடிவாகிறது.

நமது மாநிலத்தின் மு. கருணாநிதியும் 1957 முதல் 2016 வரை 13 முறை வென்றவர்தான். தாம் போட்டியிட்ட பேரவைத் தேர்தல்களில் அவரும் தோற்றதில்லை. ஆயினும், அவரது வெற்றிகள் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என ஏழு தொகுதிகளில் கிடைத்தவை. 1984 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. ஒரே மண்ணில் வேரூன்றி நிற்பது ஒரு வகை ஆற்றல். எங்கு நின்றாலும் வெல்வது வேறு வகை ஆற்றல். முன்னது தொகுதியோடு ஓர் உறுப்பினருக்கு உள்ள உறவைக் காட்டுகிறது. பின்னது மாநிலம் முழுவதும் ஒரு தலைவருக்கு உள்ள ஈர்ப்பைக் காட்டுகிறது.

இரண்டாவது, வாக்கு வித்தியாசம். 'தோல்வியே காணாதவர்' என்ற பெருமையின் பின்னே சில வேளைகளில் நூலிழை வெற்றிகள் மறைந்திருக்கும். 1980-இல் அண்ணா நகரில் கருணாநிதி வென்றது 699 வாக்குகளில். 1991-இல் துறைமுகத்தில் 890 வாக்குகளில். அதே தலைவர் 2016-இல் திருவாரூரில் 68,366 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பட்டியலில் மூன்றும் 'வெற்றி' என்ற ஒரே சொல்லாகத்தான் பதிவாகின்றன.

புதுப்பள்ளியிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. 2011-இல் சாண்டியின் வாக்கு வித்தியாசம் 33,255. ஐந்து ஆண்டுகள் முதல்வராக இருந்த பிறகு 2016-இல் அது 27,092. சூரிய மின்தகடு விவகாரம் அவரது ஆட்சியை உலுக்கியிருந்தது. அவருடைய கூட்டணி ஆட்சியையும் இழந்தது. எனினும் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 2021-இல் அவர் பெற்ற வாக்குகள் 63,372. எதிர்த்து நின்ற இடதுசாரி வேட்பாளர் பெற்றவை 54,328. வித்தியாசம் 9,044 ஆகச் சுருங்கியது. கேரள காங்கிரஸின் மாணி பிரிவு அதற்கு முந்தைய ஆண்டில் அணி மாறி இடதுசாரிகளுடன் சேர்ந்திருந்தது. மாநிலம் முழுவதும் இடதுசாரி அலை வீசியது. இவற்றுக்கு நடுவே கிடைத்த அந்த 9,044, 2011-இன் 33,255-ஐவிடக் கடினமான வெற்றி என்றே நான் கருதுகிறேன். வாக்கு வித்தியாசத்தை அந்தந்தத் தேர்தலின் சூழலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அணி மாற்றங்கள் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன. 1980 தேர்தலில் ஏ.கே. அந்தோணி தலைமையிலான காங்கிரஸ் பிரிவினர் இடதுசாரிகளுடன் கைகோத்தனர். சாண்டி அப்போது இடதுசாரி அணியின் வேட்பாளராக வென்றார். இரண்டே ஆண்டுகளில் எதிரணியில் நின்றும் வென்றார். மாணியும் 1980-இல் இ.கே. நாயனார் தலைமையிலான இடதுசாரி அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவரே. அணி மாறினாலும் தொகுதி மாறவில்லை என்றால், அங்கே மக்கள் வாக்களித்தது பெரும்பாலும் மனிதருக்கே என்று கொள்ளலாம்.

அந்த உறவை அவர் எப்படிக் கட்டியெழுப்பினார்? இங்குதான் மூன்று எண்களும் சொல்லாத செய்தி தொடங்குகிறது. சாண்டி 1977-இல் தொழிலாளர் துறை, 1981-இல் உள்துறை, 1991-இல் நிதித் துறை என அமைச்சராக இருந்தார். 2004 முதல் 2006 வரையிலும், 2011 முதல் 2016 வரையிலும் முதல்வர். இவை அனைத்தையும் கூட்டினாலும் 53 ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. மீதிக் காலம் முழுவதும் அவர் வெறும் உறுப்பினர், அல்லது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர். அதிகாரம் இல்லாத அந்த நாள்களில்தான் அவரது தொகுதி உறுதிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பள்ளி வீட்டில் அவரைப் பார்க்கலாம் என்பது ஊரறிந்த செய்தி. திருவனந்தபுரத்தில் இருந்த வீட்டுக்கும் அவர் இட்ட பெயர் 'புதுப்பள்ளி இல்லம்'தான்.

வருபவர்கள் கொண்டுவந்தவை பெரும்பாலும் எளிய கோரிக்கைகள்: மருத்துவச் செலவுக்கு உதவி, குடும்ப அட்டையில் திருத்தம், நின்றுபோன ஓய்வூதியம், நிலப் பட்டா. முதல்வரான பிறகு இதையே மாநில அளவில் செய்தார். 'ஜன சம்பர்க்க பரிபாடி' என்ற மக்கள் தொடர்பு நிகழ்ச்சியில் மாவட்டந்தோறும் பல மணி நேரம் நின்று மனுக்களைப் பெற்று, அங்கேயே தீர்வும் வழங்கினார். 2013-இல் அந்த முயற்சிக்கு ஐ.நா.வின் பொதுச் சேவை விருது கிடைத்தது. கிராம அலுவலர் செய்ய வேண்டிய வேலையை முதல்வர் செய்வதா என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர்.

அந்தக் கேள்வி அரசியல் காரணத்துக்காக எழுப்பப்பட்டிருக்கலாம். ஆனால், பொருளாதாரம் படித்த எவரும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடிமகனுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய சான்றிதழோ உதவித்தொகையோ, ஒரு தலைவரின் பரிந்துரையால் கிடைக்கும்போது அது உரிமை என்ற தன்மையை இழந்து சலுகையாகிவிடுகிறது. சலுகை பெற்றவர் நன்றியுடையவராகிறார், நன்றி வாக்காகிறது. சாலை, பள்ளி, துறைமுகம் போன்ற பொதுப் பயன்களோ எல்லோருக்கும் உரியவை என்பதாலேயே எவருடைய தனிப்பட்ட நன்றிக்கும் உரியவை ஆவதில்லை. கொச்சி மெட்ரோ ரயில் பணியும் விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தமும் சாண்டியின் ஆட்சியில் நடந்தேறியவை. ஆனால், அவர் மறைந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வரை ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து சென்ற இறுதி ஊர்வலத்தில் சாலையோரம் காத்து நின்றவர்களைத் திரட்டியது அத்திட்டங்கள் அல்ல. 'என் மனுவை அவர் கையாலேயே வாங்கினார்' என்ற நினைவு.

அந்த நினைவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அலுவலகக் கதவு மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ஒரு வீடு ஏழைக்குப் பெரும் ஆறுதல். ஆனால், அந்த வீட்டின் முன் வரிசை நீண்டுகொண்டே போகிறது என்றால், நிர்வாகம் எங்கோ பழுதுபட்டிருக்கிறது என்றும் பொருள். தமிழ்நாட்டில் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் குறைதீர் கூட்டங்களுக்கு வருவோரின் கைகளில் உள்ள மனுக்களைப் பார்த்தால் இது விளங்கும். அவற்றில் பல, கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ முடிந்திருக்க வேண்டியவை.

இந்த முரண்பாட்டைச் சாண்டியும் அறிந்தே இருந்திருக்க வேண்டும். அவரது ஆட்சியில்தான் 2012-இல் கேரளத்தில் சேவை பெறும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. குறிப்பிட்ட சேவையைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் அலுவலருக்கு அபராதம் என்பதே அதன் சாரம். ஒரு கையால் மனுக்களை வாங்கியவர், மறு கையால் மனுவே தேவைப்படாத ஒரு முறைக்கு அடித்தளம் இட்டார். தனிமனிதரின் கருணை அவரோடு முடிந்துவிடும், சட்டம் தொடரும். தமிழ்நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக எழுப்பப்பட்டு வருகிறது.

நீண்ட காலம் ஒருவரே வென்ற தொகுதியில் அவருக்குப் பின் என்ன நடக்கிறது என்பதும் கவனத்துக்குரியது. புதுப்பள்ளியில் 2023 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் சாண்டியின் மகன் 37,719 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தந்தை ஒருபோதும் எட்டாத வித்தியாசம் அது. பாலாவிலோ நேர்மாறு. மாணி 2019 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டு இடைத்தேர்தலில், அவரிடம் முன்பு மூன்று முறை தோற்ற மாணி சி. காப்பன் 2,943 வாக்குகளில் வென்றார். 2021-இல் மாணியின் மகனே களமிறங்கியும் தொகுதியை மீட்க முடியவில்லை. 2011-இல் 5,259, 2016-இல் 4,703 எனச் சுருங்கி வந்த வித்தியாசம் அந்த மாற்றத்தை முன்கூட்டியே உணர்த்தியிருந்தது. தொகுதி என்பது எந்தக் குடும்பத்துக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து அல்ல. பாலா வாக்காளர்கள் அதை நினைவூட்டினர். புதுப்பள்ளியில் கிடைத்தது அனுதாப வாக்கா, நிலையான ஆதரவா என்பதை ஓர் இடைத்தேர்தலை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

ஒரு சட்டப்பேரவை உறுப்பினரின் பெயருக்கே மூலமாக இருக்கும் பணி, சட்டம் இயற்றுவது. அவர் பேரவைக்கு எத்தனை நாள் சென்றார், எத்தனை வினாக்கள் எழுப்பினார், எந்த மசோதாவின் மீது பேசினார், மானியக் கோரிக்கை விவாதத்தில் அரசின் செலவுக் கணக்கை ஆராய்ந்தாரா? இவை வாக்கு வித்தியாசத்தைப் போல ஊரெங்கும் பேசப்படுவதில்லை. மாணி கேரளப் பேரவையில் 13 நிதிநிலை அறிக்கைகளைத் தாக்கல் செய்தார் என்பது பலருக்குத் தெரியும். அந்த 13 அறிக்கைகளின் மீது மற்ற உறுப்பினர்கள் என்ன பேசினார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த முறை ஒரு வேட்பாளர் தாம் எத்தனை முறை வென்றவர் என்று சொல்லி வாக்குக் கேட்டால், வாக்காளர் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். பேரவையில் எங்களுக்காக என்ன பேசினீர்கள்? உங்களைத் தேடி வராமலேயே எங்கள் வேலை நடப்பதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? முதல் கேள்விக்கான விடை அவைக்குறிப்பில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கான விடை வட்டாட்சியர் அலுவலக வாசலில் தெரியும்.