பாம்புக் கோயில் வாசலோடு திரும்புகிறவரா நீங்கள்?

பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. உள்ளே கிளைகளில் பச்சைக் குழிவிரியன்கள் அசையாமல் சுருண்டு கிடக்கும். பார்த்ததும் நெஞ்சு படபடப்பது இயல்பு, நச்சுப் பாம்பாயிற்றே! ஆனால் பாம்புப் படம் போட்ட பக்கத்தைப் புரட்டவே கை நடுங்குகிறது, மாதக்கணக்கில் இதே நிலை என்றால், அது ஃபோபியாவாக இருக்கலாம்.

இதற்கு மருந்தைவிடப் படிப்படியாகப் பழகுவதே நல்ல சிகிச்சை. முதலில் படம், பிறகு காணொளி, அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் நிஜப் பாம்பு. ஒவ்வொரு படியிலும் பயம் வடியும்வரை நிற்க வேண்டும். பாதியில் ஓடினால் பயம் வேர்விடும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-ஜோரன் ஓஸ்ட், இதை ஒரே அமர்வில், அதிகபட்சம் 3 மணி நேரத்தில் முடிக்கும் முறையை 1980-களில் வகுத்தார்.

"உள்ளே தள்ளிவிட்டால் சரியாகிவிடும்" என்கிற மாமாவை நம்பாதீர்கள். உளவியலாளரைப் பாருங்கள்.