ஆசிரியர் கூடிப் பேசும் அவை

இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில், 1950-களில், மைக்கேல் பாலிண்ட் என்னும் உளமருத்துவர் பொது மருத்துவர் சிலரை அடிக்கடி ஒருங்கு கூட்டினார். ஒருவர் தம்மை வருத்தும் நோயாளியைப்பற்றிச் சொல்லுவார், ஏனையோர் கேட்பர். எந்த மருந்து என்பதன்று பேச்சு. அந்நோயாளியிடம் தமக்குச் சினமும் சலிப்பும் எழுவது ஏன் என்பதே பேச்சு. இதை விளக்கும் அவரது நூல் 1957-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஆசிரியர்களும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

நேயர்களே, நான் இதனை அறிந்தது காலந்தாழ்த்தே. தலைமையாசிரியனாயிருந்தபோது இளம் ஆசிரியர் ஒருவர், “ஒன்பதாம் வகுப்பிற்குள் நுழையவே கை நடுங்குகிறது, ஐயா” என்றார். பாடக்குறிப்பைச் செம்மையாக எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என்னே என் பேதைமை! மறுவாரம் அவர் ஒரு மாணவனை அடித்துவிட்டார்.

அதன் பின்னரே வெள்ளிதோறும் மாலையில் எண்மர் கூடி அமர்ந்தோம். பேசியது எதுவும் பதிவேட்டில் ஏறலாகாது. கேளாமல் அறிவுரை கூறலாகாது. அவ்வளவே விதி. மூன்று வாரம் எவரும் வாய் திறக்கவில்லை. என் நாற்காலியே தடை என உணர்ந்து, நான்காம் வாரம் வெளியே நின்றுகொண்டேன். அன்றுதான் அவ்விளைஞர் பேசினார். முப்பதாண்டு பணியாற்றிய கணக்காசிரியர், “எனக்கும் அவ்வகுப்பில் நடுங்குவதுண்டு, தம்பி” என்றாராம். இளைஞரே பின்னர் என்னிடம் கூறினார். திங்களன்று இருவரும் சேர்ந்தே அவ்வகுப்பிற்குள் சென்றனர்.