‘கூட வந்தவர்’ என்னும் பெயர்

மருத்துவமனையில் நோயாளியின் பெயர் சீட்டிலும் கோப்பிலும் எழுதப்படுகிறது. உடன் வருபவரைப் பெரும்பாலும் ‘கூட வந்தவர்’ என்றே அழைக்கின்றனர். நோய் மறதிநோயாகவும் நோயாளி கணவராகவும் அமைந்துவிட்டால், அப்பெண்ணின் பெயர் வீட்டிலும் மெல்ல அழியத் தொடங்குகிறது.

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் எங்களிடம் வரும் மனைவியர் பலர், மாத்திரை பற்றிய கேள்விகளெல்லாம் முடிந்து எழும்போதுதான் இதைச் சொல்கின்றனர்: ‘என்னையே யாருன்னு கேக்குறார், டாக்டர்.’ சிலர் சிரித்துக்கொண்டே சொல்வர். (நம் பக்கத்தில் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்த கணவர்கள் முன்பும் குறைவுதான், ஆனாலும் பார்வையில் அடையாளம் இருந்தது.)

இது அன்பு குறைந்ததன் விளைவன்று. அல்சைமர் நோயில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி தொடக்கத்திலேயே பழுதடைகிறது. அண்மை நினைவுகள் முதலில் போகின்றன. பழையவை நெடுநாள் தங்குகின்றன. அவர் மனத்தில் இருப்பவர் 25 வயது மனைவி. எதிரே நிற்பவரோ தலை நரைத்தவர். ஆகவே தாய் என்றோ அயலார் என்றோ எண்ணிவிடுகிறார். ‘நான் யார், சொல்லுங்கள்’ என்று அவரைச் சோதிக்க வேண்டாம். பதில் வராத பதற்றமே மிஞ்சும். அறைக்குள் நுழையும்போதே உங்கள் பெயரைச் சொல்லி, கையைப் பற்றுங்கள். முகம் மறந்த பின்னும் குரலின் கனிவுக்கும் தொடுதலுக்கும் பலர் அமைதியடைகின்றனர்.

அமெரிக்கப் பேராசிரியர் பாலின் பாஸ், போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களையும், பின்னர் மறதிநோயாளரின் குடும்பங்களையும் ஆராய்ந்தவர். ஆள் இருந்தும் இல்லாத இந்நிலையைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். 1999இல் அத்தலைப்பிலேயே நூலும் எழுதினார். மரணம் என்றால் ஊரே துட்டி கேட்க வரும். இந்த இழப்புக்கு ஒருவரும் வருவதில்லை. வருபவரும் ‘அவர் எப்படி இருக்கிறார்?’ என்று மட்டும் கேட்டுச் செல்கின்றனர்.

நூற்பாலைக்குச் சென்றவரும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவரும் வேலையை விட்டுவிடுகின்றனர். ஆண்டாள் கோயிலுக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தும் ஆடிப்பூரத் தேரை மூன்றாண்டுகளாகப் பாராதவர் உண்டு. தம் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்ததையும் கவனிப்பதில்லை. உறவினர் இதைத் தியாகம் என்று போற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தப் போற்றுதலே உதவி கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸ்டீவன் ஸாரிட் 1980இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். இப்போது பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள் உள்ளன. தமக்கென நேரம் இருக்கிறதா, தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறதா என்பவையும் அவற்றுள் அடங்கும். கணவரைக் காட்ட வரும் நாளில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் பதிந்துகொண்டு, இவற்றை எங்களிடம் பேசலாம்.

பிள்ளைகளிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் வேலை நடவாது. ஞாயிறு காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை என்று நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள். தோழியைப் பாருங்கள், தேர்வீதியில் நடந்து வாருங்கள். வீட்டைவிட்டு வர இயலாதோருக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, அழுகை நீடித்தால் உடனே வாருங்கள். உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்னும் டெலி மானஸ் எண் கட்டணமின்றி இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.