அந்த மூன்றாவது குரோமோசோம்

கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை வாசலில் ஒரு தாய். மடியில் ஐந்து மாதக் குழந்தை: மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "ஏத்தா, கெரகணத்தப்ப வெளிய கிளிய போனியா?" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறந்த வீடுகளில் இந்தக் கேள்வி தாயைத்தான் குறிவைக்கிறது. பதிலோ பிளஸ் டூ உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது.

நம் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக. கருமுட்டையிலும் விந்தணுவிலும் 23தான் இருக்க வேண்டும். சேர்ந்தால்தானே மறுபடி 46? இப்படிப் பாதியாக்கும் வேலைதான் குன்றல் பகுப்பு. முதலில் ஜோடிகள் நெருங்கி, துண்டுகளை மாற்றிக்கொண்டு பிரியும். கூடப்பிறந்தவர்கள் ஒரே அச்சாக இல்லாததற்கு இதுவும் காரணம். பிறகு ஒவ்வொரு குரோமோசோமின் இரு இழைகளும் பிரியும்.

ஆணுக்கு இது பருவ வயதில் தொடங்கி ஓயாமல் நடக்கிறது. பெண்ணுக்கோ, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. பருவமடைந்த பின், பொதுவாக மாதம் ஒரு முட்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். 38 வயதுத் தாயின் முட்டை அத்தனை வருஷமும் காத்துக் கிடந்தது. ஜோடியைப் பிடித்திருந்த பிணைப்பு அதற்குள் தளர்ந்தால், 21ஆம் குரோமோசோம் இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடலாம். குழந்தைக்கு அது மூன்றாகிவிடும்; அதுதான் டவுன் சிண்ட்ரோம். சில வேளை தந்தையின் விந்தணுவிலும் இப்படி நேர்வதுண்டு. கிரகணத்துக்கும் கர்ப்பத்தில் தின்ற பப்பாளிக்கும் இதில் வேலையே இல்லை.

தாய்க்கு 25 வயதென்றால் சுமார் 1,250 பிரசவத்துக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது, 40இல் சுமார் 100க்கு ஒன்று. ஆனாலும் இளவயதில்தான் பிரசவங்கள் அதிகம். அதனால் இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் 35க்குக் கீழே.

கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பை மட்டுமே சொல்லும். பனிக்குட நீர்ப் பரிசோதனை போன்றவைதான் உறுதிசெய்யும். சிசுவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 35 வயதைத் தாண்டிய கர்ப்பிணிக்குக் குரோமோசோம் பரிசோதனையை அனுமதிக்கிறது. அவளுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கியாக வேண்டும். கணவரோ மாமியாரோ அவளுக்காகத் தலையாட்டினால் செல்லாது.

குழந்தை பிறந்த பிறகு காரியோடைப் (குரோமோசோம்) பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்குக் குரோமோசோம் இடம்மாறி ஒட்டியிருக்கும்; அதைப் பெற்றோரில் ஒருவர் அறியாமலே சுமந்திருக்கலாம், அடுத்த பிள்ளைக்கும் வரலாம். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு உண்டு; அதை எக்கோ ஸ்கேனில் பார்க்கலாம். தைராய்டும் காதும் பார்க்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுங்கள்.

அந்தத் தாயைப் போல ஒருத்தியைப் பார்த்தால் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "பிள்ளைக்கு எக்கோ எடுத்தாச்சாம்மா?" என்று கேளுங்கள்.