ஜப்பானிய மொழியில் மாத்திரை

எழுத்தொலிக்குக் கால அளவு உண்டென்பதும், அதனைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அறியலாமென்பதும் தொல்காப்பியம் கற்றார் அறிந்தனவே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் ஒப்புவிக்கிறோம். அன்றாடப் பேச்சே இத்தகைய அளவையைப் பற்றி நடக்கும் மொழி ஒன்று உண்டு, அது ஜப்பானியம்.

அம்மொழியின் கால அலகை மொழியியலார் ‘மோரா’ என்பர். நாம் மாத்திரை என்றே கூறுவோம். டோக்கியோ நகரின் பெயரை ஜப்பானியர் தொ-ஒ-க்யொ-ஒ என நான்கு மாத்திரையாக ஒலிக்கின்றனர். நெடில் இரண்டு என்னும் நம் கணக்கு இங்கே முற்றும் பொருந்துகிறது. வேறுபாடு ஒற்றில் தோன்றுகிறது. தம் நாட்டை அவர்கள் ‘நிப்பொன்’ என்பர். நம் கணக்கில் இச்சொல் மூன்று மாத்திரை. அவர்கள் கணக்கிலோ நி-ப்-பொ-ன் என நான்கு. இரட்டிக்கும் வல்லொற்றும் அசையிறுதி மூக்கொலியும் அவர்களுக்கு முழு மாத்திரை பெறுவன.

இவ்வளவு பிழைத்தால் பொருளே பிழைக்கும். ‘கிதெ’ என்றால் ‘வந்து’. ‘கித்தெ’ என்றால் அஞ்சல்தலை. (முன்னதன் தகரத்தை மெலிக்காமல் வல்லோசையாகவே ஒலித்துக்கொள்க.) ‘ஒபஸன்’ அத்தை அல்லது நடுவயதுப் பெண்மணி, ‘ஒபாஸன்’ பாட்டி. மரியாதையாக விளிக்கப்போய் ஓர் அகரத்தை நீட்டிவிட்டால் நேரும் சங்கடத்தை விளக்க வேண்டுவதில்லை.

எனினும் ஒவ்வொரு மாத்திரையும் கடிகாரத் துடிப்புப்போல் சமமானது என்பது மிகைக்கூற்றே. மேரி பெக்மன் 1982இல் அளந்து பார்த்து அத்தகைய சமத்துவத்தை ஐயுற்றார். 1987இல் போர்ட், டால்பி, ஓடெல் ஆகிய மூவரும், சொல்லின் மொத்த நீளம் மாத்திரை எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்வதைக் காட்டினர். தனியொலிகள் கூடியும் குறைந்தும் வரினும் சொல்லளவில் கணக்கு நேராகிறது எனக் கொள்வதே தக்கது.

இவ்வொற்றுமை கண்டு இருமொழி உறவுக்குச் சான்று கிட்டிற்றென மகிழ்தல் ஆகாது. சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாருள் பெரும்பாலோர் ஏற்றிலர். மாத்திரைக் கணக்கோ உறவில்லா மொழிகளிலும் காணப்படுவது.

ஐக்கூவின் 5, 7, 5 என்னும் எண்ணிக்கையும் இம்மாத்திரையே. தமிழ் ஐக்கூவில் நாம் மூன்றடியைப் பெரிதும் எடுத்துக்கொண்டோம், இக்கணக்கை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருப்பினும் எளிதாகப் பொருந்தியிராது. கட்டளைக் கலித்துறையில் எழுத்தெண்ணும் தமிழ்ப்புலவர் ஒற்றை நீக்கியே எண்ணுவார். ஜப்பானியப் புலவரோ நெடிலை இரண்டாகவும் ஒற்றை ஒன்றாகவும் வைத்துப் பதினேழை நிரப்புவார்.