மிதிவண்டியை வீட்டிலேயே பழுதுபார்த்தல்

மிதிவண்டியில் அடிக்கடி வரும் சிறு பழுதுகளைக் கடைக்குக் கொண்டுபோகாமல், ஓட்டுபவரே எளிய கருவிகளைக் கொண்டு சரிசெய்துகொள்வது வீட்டுப் பழுதுபார்ப்பு ஆகும். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குவதால் சிற்றூர்களிலும் பல வீடுகளில் வண்டி இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் கடை எல்லா ஊரிலும் இல்லை. பேருந்து வராத ஊரிலிருந்து பள்ளிக்குப் போகும் மாணவிக்குச் சக்கரத்தில் காற்று இறங்கினால் அன்றைய வகுப்பு போனது போலத்தான்.

ஒரு பம்பு, இரண்டு டயர் லிவர், ஸ்பேனர், உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், கொஞ்சம் எண்ணெய் ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்.

காற்று இறங்குதல்

காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் அல்ல. சாதாரண வண்டிகளின் வால்வுக்குள் உள்ள சிறு குழலின்மேல் ‘வால் டியூப்’ என்னும் மெல்லிய ரப்பர் உறை மாட்டப்பட்டிருக்கும். பழசானால் அது வெடித்துக் காற்றை விடும். எனவே டயரில் கை வைக்கும் முன் காற்றடித்து, வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் வால் டியூப்பை மாற்றினாலே போதும். இதைப் பார்க்காமல் டியூப்பை முழுதும் வெளியே இழுத்து, இல்லாத ஓட்டையைத் தேடுவது வீண் உழைப்பு.

பஞ்சர்தான் என்றால், சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. வால்வைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லிவரால் நெம்பி டியூப்பை வெளியே எடுக்கலாம். கடைக்காரர்கள் செய்வதும் இதுவே. லிவர் இல்லாதபோது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் புதிய ஓட்டைதான் விழும். மழுங்கிய கரண்டிக் காம்பு அதைவிட நல்லது. டியூப்பில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை தெரியும்.

ஒட்டுவதைவிட, ஓட்டை ஏன் விழுந்தது என்று அறிவதே முக்கியமானது. டியூப்பின் வெளிப்பக்கத்தில் ஓட்டை இருந்தால் முள், ஆணி அல்லது கண்ணாடித் துண்டு காரணமாகலாம். ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ஸ்போக்ஸின் முனை குத்தியிருக்கும், அல்லது அதை மூடும் ரிம் டேப் கிழிந்திருக்கும். அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதில் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். சீமைக்கருவேல முள் டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும்; வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி அதை எடுக்காவிட்டால், ஒட்டிய டியூப் மறுநாளே மீண்டும் இறங்கும்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பேட்சைவிடச் சற்று அகலமாகச் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தவறுவது இதன் பிறகுதான். ஈரமாக இருக்கும்போதே பேட்ச் வைத்தால் ஒட்டாது. தொட்டால் கையில் படாத அளவுக்குக் காய விட்டு, அதன்பின் பேட்சை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். டியூப்பில் சிறிது காற்றடித்து உள்ளே தள்ளினால் முறுக்கிக்கொள்ளாது.

செயினும் பிரேக்கும்

தேய்ந்த செயின் பற்சக்கரத்தையும் தேய்த்துவிடும். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பள்ளி அளவுகோலின் அங்குலப் பக்கத்தை வைத்துப் பார்க்கலாம். 12 அங்குலத்தைத் தாண்டி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எண்ணெய் விட்டபின் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூசி ஒட்டும். ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. அது உயிருக்கே ஆபத்து.

கோணிய ரிம்மைச் சீராக்க ஸ்போக்ஸ் முறுக்குவதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது. பெடலை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். தெரியாமல் மறுபுறம் பலமாக முறுக்கினால் கிராங்கின் மரை அழிந்து, பெடலோடு கிராங்கையும் வாங்க நேரிடும்.