அட்டவணையா? பொட்டலமா?

உங்கள் பள்ளி நூலகத்தின் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களின் பெயரும் முகவரியும் ஓர் அட்டவணையில் இருக்கட்டும். நூல்களின் விவரம் மற்றோர் அட்டவணையில். யார், எந்த நூலை, என்று பெற்றார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை. இதில் மாணவர் எண், நூல் எண், தேதி மட்டும் போதும். மாணவர் வீடு மாறினால், முகவரியை ஓரிடத்தில் திருத்தினால் போதுமல்லவா? இதுவே உறவுசார் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் இக்கருத்தை வெளியிட்டார்.

வங்கியில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு 500 ரூபாய் மாற்றும்போது மின்சாரம் நின்றுவிட்டால்? ஒன்றில் கழிந்து, மற்றொன்றில் சேராமல் போகலாகாது. இத்தரவுத்தளம் இரு வேலைகளையும் முடிக்கும். முடியாவிட்டால் இரண்டையுமே விலக்கிவிடும்.

அப்படியானால் வேறு முறை எதற்கு?

அமேசான் நிறுவனத்தின் இணையக் கடையைப் பாருங்கள். எந்நேரமும் மக்கள் பொருள்களைத் தேர்ந்து கூடையில் இடுகின்றனர். இதற்கென அமைத்த 'டைனமோ' என்னும் முறையை அதன் பொறியாளர்கள் 2007-இல் விளக்கினர். இதில் அட்டவணைகள் இல்லை. ஒவ்வொருவர் கூடையும் ஒரு பொட்டலம். அதற்கு ஓர் அடையாளச் சீட்டு. பொட்டலத்தின் படிகள் பல கணிப்பொறிகளில் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். இது உறவுசாராத் தரவுத்தளங்களில் ஒரு வகை.

ஆனால், படிகள் எல்லாம் எப்போதும் ஒன்றுபோல் இரா. நீங்கள் நீக்கிய பொருள் மற்றொரு படியில் அப்படியே இருக்கலாம். இரண்டையும் சேர்க்கும்போது அது மீண்டும் கூடையில் தோன்றும்! அதனாலென்ன? மறுபடி நீக்கிவிடலாம். கடை இயங்காமல் நிற்பதைவிட இச்சிறு பிழை மேல் என்று பொறியாளர்கள் கருதினர். வங்கிக் கணக்கில் எடுத்த பணம் இவ்வாறு திரும்பத் தோன்றினால் என்ன ஆகும்!

மற்றொரு குறையும் உண்டு. 'இந்தப் பொருளை எத்தனை பேர் கூடையில் வைத்துள்ளனர்?' என்று கேட்டால், பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டவணையில் இது எளிது.

எல்லா உறவுசாராத் தரவுத்தளங்களும் டைனமோவைப் போன்றவை அல்ல. வங்கிக் கணக்குக்குச் சொன்ன பாதுகாப்பைத் தருவனவும் உள்ளன. ஆகவே பெயரைக் கொண்டு தேர்வு செய்யாமல், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: விவரங்களை எவ்வெவ்வாறு தேடப்போகிறோம்? சிறிது நேரம் நின்றுபோவது, சிறிது நேரம் தவறாக இருப்பது, இவற்றுள் எதைப் பொறுத்துக்கொள்ளலாம்?

இப்போது நீங்களே சொல்லுங்கள். 72 படுக்கைகள் உள்ள ரயில் பெட்டிக்கு முன்பதிவு செய்ய எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒரே படுக்கைக்கு இருவர் சீட்டுடன் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்த்து விடை கூறுங்கள்!